பூமிகாவின் பில்

ஜெபா,

சாவி எதிர்வீட்டு ஸ்டீவனிடம் இருக்கிறது. கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணிக்கொள்.

புதுசு கட்டுப்படியாகாது, நம்ம கம்ப்யூட்டருக்கு இதுதான் ஒத்துவரும் என்று மூணு மாசம் அலசி, பழசாகப் பேசிவைத்தாயே அந்த கிராபிக்ஸ் கார்டு, அதை ஆரம்பாக்கத்துப் பொண்ணு பூமிகா காலையில் கொண்டுவந்தாள். பாதி விலைக்கு எவன் தருவான்? கம்பெனி கேட்டில் இருபது வருஷம் வாட்ச்மேனாக நின்ற புத்தி, அவள் பையைப் பிடுங்கிக் கொட்டிவிட்டேன். "இன்னாம்மா, எங்க சுட்ட?" என்றும் கேட்டேன்.

"தாத்தா, பில்லு கீது, நீங்களே பாருங்க" என்று நீட்டினாள். எல்லாம் இங்கிலீஷ். படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "டூப்ளிகேட்டு பில்லு" என்று கத்தினேன். அழுதுகொண்டே கார்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பில் என் கையிலேயே தங்கிவிட்டது.

அப்புறம் ஸ்டீவன் படித்துச் சொன்னான். அவள் பேர்தான் போட்டிருக்கிறது.

பில்லைக் கொடுக்க ஆரம்பாக்கம் போகிறேன். கார்டு கேட்க எனக்கு வாய் இல்லை. அவளாகத் தந்தால் வாங்கி வருவேன்.

அப்பா

நீ போன் போட்டு அவளைச் சமாதானம் பண்ணாதே. அவள் வீட்டார் எதிரில் நானே சொல்லணும், பில் படிக்கத் தெரியாமல்தான் கத்தினேன் என்று.