சுவரின் தலைக்கு ஒரு மூடி

அன்புத் தோழிக்கு,

இன்று காலை அப்பா தன் அறைச் சுவரில் ஆணி அடித்தார். வெளியே நான்கு நாட்களாக விடாத மழை. சுத்தியல் சத்தம் கேட்டுப் பதறி ஓடினேன். காரை உதிரவில்லை, ஆணி கெட்டியாக நின்றது. கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்து இதுவரை பெட்டிக்குள்ளேயே வைத்திருந்த அம்மாவின் படத்தை அதில் மாட்டினார். உள்ளங்கையால் சுவரைத் தடவிவிட்டு, "காஞ்சு கெடக்குது கண்ணு" என்றார்.

இதை உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒரு மாடி இறங்கினால் உன் வீடு. ஆனால் நீ இல்லை. அதனால் எழுதுகிறேன். இங்கே புனேயின் கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். இருக்கட்டும், நாம் பேசிக்கொண்டது இந்த மொழியில்தானே.

அம்மா போன பிறகு அப்பாவை நான் புனேவுக்கு அழைத்து வந்த அந்த முதல் மழைக்காலம் உனக்கு நினைவிருக்கும். எங்களுடையது எட்டாவது மாடி, கட்டடத்தின் கடைசி மாடி. அவர் அறைச் சுவரில் மேலிருந்து ஈரம் இறங்கி, கறுப்பாகப் பூசணம் படர்ந்தது. அவருக்கு மூச்சிரைப்பு கூடியது. "நான் ஊருக்கே போயிக்கறேன் கண்ணு" என்று தினமும் சொல்லத் தொடங்கினார். அங்கே அவரைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. மொட்டை மாடித் தரைக்குக் குடியிருப்பு சொசைட்டியில் இரண்டு முறை வாட்டர்ப்ரூஃபிங் செய்தும் பயனில்லை. ஒருநாள் உன் சமையலறையில் நின்று அழுதேன். நீ ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "மழை நிக்கட்டும். அப்புறம் ஒரு பக்கெட் எடுத்துட்டு மேல வா" என்றாய்.

அக்டோபரில் மழை நின்றதும் வேலையைத் தொடங்கினாய். முதல் நாள் வடிகாலை அடைத்து, மாடித் தரையில் தண்ணீரைத் தேக்கி வைத்தாய். அப்பாவின் சுவர் அப்படியே காய்ந்திருந்தது. மறுநாள் அவர் அறைக்கு நேர் மேலே, இடுப்பளவு உயரமுள்ள கைப்பிடிச் சுவரின் மேல்பக்கத்தில், வெடிப்பு விட்டிருந்த இடமாகப் பார்த்து மக்கில் மொண்டு மொண்டு ஊற்றினோம். கீழே அப்பா நாற்காலி போட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து என் போன் அடித்தது.

"வந்துருச்சு கண்ணு, ஈரம் வந்துருச்சு." சுவர் நனைந்ததற்கு அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

நீ மாடியிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து சிரித்தாய். "பாத்தியா? தரையில ப்ராப்ளமே இல்ல. செவுத்தோட தலை வழியாதான் பானி உள்ள எறங்குது. அதுக்கு ஒரு டோப்பி போடணும், அவ்ளோதான்."

நீ சொன்ன தொப்பி, அலுமினியத் தகட்டை இருபுறமும் மடித்துச் சுவரின் உச்சியை நீளவாக்கில் மூடுகிற மூடி. பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கான தகட்டு உறைகளை வரைவதுதான் உன் வேலை. இரண்டே நாளில் மூடியையும் வரைந்துவிட்டாய். மராத்தியில் சித்தப்பா என்ற பொருளில் நாம் காகா என்று கூப்பிடும் சொசைட்டி செயலாளர் சம்மதித்தார். பிம்ப்ரியில் சின்னப் பட்டறை வைத்திருந்த ஒருவர் செய்து கொண்டுவந்து பொருத்தினார். பொங்கலுக்குள் மாடியைச் சுற்றித் தகடு பளபளத்தது.

மே மாதம் ஒரு சாயங்காலம் புயல் போலக் காற்று வீசியது. மூடியில் ஒரு நீளத் துண்டு பிய்ந்து பறந்து, கேட் அருகே வாட்ச்மேனின் நாற்காலி மேல் விழுந்தது. ஒரு கார் வருகிறது என்று அவர் அப்போதுதான் எழுந்து போயிருந்தார். நான் கீழே வந்தபோது, உடைந்த நாற்காலியின் பக்கத்தில் நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாய். தகட்டின் ஸ்க்ரூ ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் கூட்டம். எல்லோரும் பட்டறைக்காரரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சரியாக முடுக்கவில்லை, மட்டமான தகடு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் தலைகுனிந்து நின்றார். நான் உன் கையைப் பிடித்து, "நீ பேசாத. அப்புறம் ஒருத்தரும் நம்மள நம்ப மாட்டாங்க. மழை வேற வரப்போகுது" என்று கிசுகிசுத்தேன். அப்பாவின் சுவர் மட்டும்தான் என் கண்ணில் தெரிந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நீ உயிரோடு இருந்தபோது இதை உன்னிடம் சொல்லவில்லை.

நீ என் கையை விலக்கிவிட்டு எழுந்தாய். எல்லோருக்கும் புரிய வேண்டுமென்று இந்தியில் பேசினாய்.

"அவர் நான் வரைந்தபடிதான் செய்தார். தப்பு என்னுடையது. நான் கூரைக்குள் ஓடும் இயந்திரங்களுக்கே தகடு வரைந்து பழகியவள், வெயிலையும் காற்றையும் யோசிக்கவில்லை. வெயிலில் தகடு நீளும். அதற்கு இடைவெளி விடாமல், மேலிருந்து ஸ்க்ரூ போடச் சொன்னேன். தகடு இழுத்து இழுத்து ஓட்டை பெரிதாகிவிட்டது. காற்று உள்ளே புகுந்து தூக்கிவிட்டது."

பட்டறைக்காரர் நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். கடைசியில் காகா, இனி என்ன செய்ய வேண்டும் என்று மராத்தியில் கேட்டார். எல்லாவற்றையும் கழற்றி, மழைக்கு முன்னால் புதிதாகப் போட வேண்டும், நான் கூடவே நிற்பேன் என்றாய்.

படியேறும்போது, "பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. ஆனா நான் சொல்லலேன்னா அவரு அடுத்த பில்டிங்லயும் அதே மாதிரிதான் போடுவாரு."

மூன்று வாரங்கள், சனி ஞாயிறுகளில் வேலை நடந்தது. இந்த முறை நீயும் பட்டறைக்காரரும் சுவரில் முதலில் பட்டையான கிளிப்புகளை அடித்து, அவற்றின் மேல் தகட்டைக் கவ்வ வைத்தீர்கள். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி விட்டு, அடியில் இன்னொரு துண்டு கொடுத்தீர்கள். தண்ணீர் மாடிப் பக்கமே வழிய உள்நோக்கிச் சரிவும் வைத்தாய். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உச்சி வெயிலில் நின்றேன். அந்த மழைக்காலம் முழுவதும் சுவர் நனையவில்லை. பெரிய மழை பெய்த ஒவ்வொரு நாளும் நீ மேலே வந்து சுவரைத் தொட்டுப் பார்ப்பாய். அப்பா உனக்குச் சுக்குக் காபி போட்டுக் கொடுப்பார். ஊருக்குப் போகும் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

மார்ச்சில், வேலையிடத்தில் நெஞ்சு வலிக்கிறது என்றாயாம். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. உன் தம்பி என் தோளில் சாய்ந்து அழுதான்.

போன மாதம் அந்தப் பட்டறைக்காரர் வீட்டுக்கு வந்தார். இப்போது நம் சாலையிலேயே மூன்று கட்டடங்களுக்கு உன் மூடியைப் போடுகிறார். உன் இரண்டு வரைபடங்களையும் வைத்திருக்கிறார். கேட்டு வருகிறவர்களிடம் தப்பானதை முதலில் காட்டுகிறாராம். "எதுக்கு இப்படிப் போடக்கூடாதுன்னு மேடமே சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க" என்று இந்தியில் சொன்னார்.

ஒன்று சொல்ல மறந்தேன். போன வாரம் என் அலுவலகத்தில் மென்பொருளில் இருந்த ஒரு பிழை வாடிக்கையாளர் வரை போய்விட்டது. ஆன்லைன் கூட்டத்தில் புரோகிராம் எழுதிய பெண்ணை எல்லோரும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியவள் நான், அவசரத்தில் ஒரு சோதனையை விட்டிருந்தேன். அது வேறு யாருக்கும் தெரியாது. மைக்கை ஆன் செய்து, "அது என் தப்பு" என்றேன். அந்தப் பெண் அன்று மதியம் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.