அது தழும்புதான்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், இந்த முறை அதை ஒப்புக்கு எழுதவில்லை, மனசு நிறைந்து எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு ரிசல்ட் நன்றாக வந்துவிட்டது என்று போனில் ஒரே வரியில் சொல்லி வைத்துவிட்டேன், மேலே பேசியிருந்தால் அழுதிருப்பேன், அதனால்தான் மிச்சத்தை எழுதுகிறேன்.

கண்ணுக்குப் பின்னால் இருந்த கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்து முடித்தது வரை உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் அதே இடத்தில் இன்னும் ஏதோ தெரிந்தது. கட்டிதான் என்றால் கண்ணையே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். பஸ் ஓட்டுகிற மனுஷனிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும். அப்பா சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார். ஆனால் அந்த டாக்டர் அவசரப்படவில்லை, அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். உருவத்தை மட்டும் பார்த்துக் கத்தி வைக்க மாட்டேன், அதில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேறு ஸ்கேன் இருக்கிறது, கொஞ்சம் கதிர்வீச்சு சேர்த்த சர்க்கரை மருந்தை ஊசியில் ஏற்றுவோம், உயிருள்ள கட்டி அதை இழுத்துக்கொண்டு படத்தில் பளிச்சென்று தெரியும், தழும்பு சும்மா கிடக்கும் என்று பொறுமையாக விளக்கினார்.

ஊசி போட்டபின் அரையிருட்டு அறையில் கண்ணை மூடி, பேசாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டுமாம். உன் அப்பாவிடம் போய்ப் பேசாதே என்றால் நடக்கிற காரியமா. எட்டிப் பார்த்த நர்ஸிடம், பேசக்கூடாது சரி, முனகலாமா என்று கேட்டிருக்கிறார். உடம்பில் அந்த மருந்தின் கதிர்வீச்சு இருக்குமாம், அன்று முழுக்கக் குழந்தையைத் தூக்கவும் கூடாது என்றார்கள். உன் அண்ணன் மகன் கையை நீட்டிக்கொண்டு அழுகிறான், இவர் அடுத்த அறையில் நின்றபடி ஹாரன் சத்தம் போட்டே அவனைச் சிரிக்க வைத்தார்.

ரிசல்ட் அன்று டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மூளை எப்போதும் சர்க்கரையை இழுக்குமாம், அதனால் தலைக்குள் மூளையெல்லாம் வெளிச்சமாக இருந்தது, கண்ணுக்குப் பின்னால் அந்த இடம் மட்டும் மங்கிக் கிடந்தது. "இது வெறும் தழும்புதாம்மா, கண்ணை எடுக்க வேண்டாம்" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்தவர் விடவே இல்லை, உன் அண்ணன்தான் மெல்ல விடுவித்துக் கூட்டிவந்தான். சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பார்வைப் பரிசோதனை முடியும்வரை வண்டியைத் தொடக்கூடாது. இருக்கட்டும், கண் இருக்கிறதே.

நேரத்துக்குச் சாப்பிடு, போனைப் பார்த்துக்கொண்டே தூங்காதே. எந்தக் குறையும் இல்லாமல் இருவரும் நூறு வயசு வாழுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கேமராவைப் போட்டுக் கூப்பிடு. வீங்கின கண் உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் இத்தனை நாளும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார். இந்த வாரம் நேராக உட்கார்ந்து, மகளைக் கண்ணாரப் பார்க்கப் போகிறாராம்.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா