பாதி ஆட்கள் போதும்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்தே வெயில். துவைத்த துணி கொடியில் போட்டதும் காய்ந்துவிட்டது.

டிரெய்னி வேலைக்கு ஜெனியும் நானும் விண்ணப்பம் போட்டாயிற்று. ஒரகடம் பக்கம் பெரிய கிடங்குகள் உள்ள லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி. டிகிரி முடித்தவர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி, பிறகு சூப்பர்வைசர். ஜெனி போனில் சார்ஜ் இல்லை, இரண்டு பேருக்கும் என் போனிலேயே. 'ஏன் இந்தத் துறை?' எழுதி எழுதி அழித்தேன். அவள் ஒரே மூச்சில் எழுதிவிட்டாள்.

அப்பாவும் தாஸ் மாமாவும் (ஜெனியின் அப்பா) வாலாஜாபாத் அரிசி குடோனிலிருந்து சேர்ந்தே வந்தார்கள். லோடுமேன் வேலையில் இருவரும் ஒரே ஜோடி. மாமா தூக்கிக் கொடுப்பார், அப்பா சுமப்பார். கழுத்தெல்லாம் தவிடு.

"லாஜிஸ்டிக்ஸுன்னா இன்னாமா?" - அப்பா.

"சரக்க ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்குச் சேக்கறதுப்பா."

"அத்ததான நாங்க பண்ணிக்கினு இருக்கோம்!"

மாமா சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. அம்மன் கோவில் ஸ்பீக்கர் விடிந்ததிலிருந்து. இன்றுதான் வீடியோ இன்டர்வியூ கடைசி நாள். திரையில் கேள்வி வரும், ஒரு நிமிடத்தில் பதில் பேசிப் பதிவு செய்ய வேண்டும். எங்கள் ஊர் முசரவாக்கம் முழுக்கச் சத்தம் இல்லாத இடமே இல்லை.

ஜெனி நேராக மைக் செட் ஆளிடம் போய்விட்டாள். "அண்ணா, கொஞ்ச நேரம் நிறுத்துங்கண்ணா. இன்டர்வியூ."

"கலெக்டர் வேலையா?"

"அதுக்கும் மேலண்ணா."

நிறுத்திவிட்டார்! "நீ மொதல்ல பேசுடி" என்று என்னை உட்கார வைத்தாள். அவள் பாதி பதிலில் இருக்கும்போது பாட்டு திரும்ப ஆரம்பித்துவிட்டது. அப்படியே கத்திப் பேசி அனுப்பினாள்.

கூழ் குடித்தோம். தலைவலி.

ஜூலை 23, புதன்

இரண்டு பேருக்கும் அடுத்த சுற்று! சனிக்கிழமை, குழு விவாதம்.

எடுத்துப்போக: ஆதார், மார்க் ஷீட் ஜெராக்ஸ், போட்டோ 2, தண்ணீர், சேஃப்டி பின் (ஜெனி மறப்பாள்).

ஜூலை 26, சனி

ஒரகடம். ஏசி அறை, குளிர். ஒரே மேசையில் ஆறு பேர், ஜெனியும் நானும் ஒரே குழு. தாளில் ஒரு கற்பனைக் கிடங்கு. மூட்டை ஏற்ற பெல்ட் மெஷின் வரப்போகிறது. லோடுமேன்களின் எண்ணிக்கை, வயது எல்லாம் கொடுத்திருந்தார்கள். என்ன செய்வீர்கள்?

மற்றவர்கள் மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: பாதி ஆட்கள் போதும். நாற்பத்தைந்துக்குக் கீழே இருப்பவர்களை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அடிபடுவதும் லீவும் அதிகம். தடங்கலே இல்லாமல் வந்தது பேச்சு.

"மீதிப் பேரு எங்க போவாங்க?" - ஜெனி.

"அது கேள்வியில இல்ல ஜெனி."

கண்ணாடி போட்ட மேடம் ஏதோ குறித்துக்கொண்டார். "வாசல் கேட்டுல, எண்ணி வாங்கற எடத்துல அவங்களையே போடலாம்" என்று ஜெனி தொடங்கினாள். நேரம் முடிந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். தூங்கினாளா, தெரியவில்லை. நான் நன்றாகப் பேசினேன். அது தெரியும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மெயில். எனக்குக் கிடைத்துவிட்டது. ஜெனிக்கு இல்லை.

அம்மா கேசரி கிளறினாள். முந்திரி இல்லாமல். "ஜெனி வூட்ல குடுத்துட்டு வாடி." போகாமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஜெனி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"கங்கிராட்ஸ்டி."

"உனக்கும் வந்திருக்கணும்."

"விடு. ஒன்னு கேக்கட்டா? அந்தப் பேப்பர்ல வயசப் பாத்தப்ப உங்கப்பா நெனப்பு வந்துச்சா?"

"வந்துச்சு."

"வந்துமா சொன்ன?"

"அவர் முட்டிக்கு தெனம் தைலம் தேய்க்கறது நான்தானே. அதனாலதான் அது எனக்குத் தெரிஞ்சுது."

ஜெனி கேசரியை ஒரு தட்டால் மூடி வைத்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாலை புழுக்கம். அப்பா குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

"தாஸு சொன்னான். பேப்பர்ல எங்கள எல்லாம் வூட்டுக்கு அனுப்பிட்டியாமே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"சும்மா ஒரு கேள்விப்பா. நெஜ குடோன் இல்ல."

"எத்தினி வயசு வரைக்கும் வெச்ச?"

"நாப்பத்தஞ்சு."

அப்பாவுக்கு ஐம்பத்தொன்று. மாமாவுக்கு இன்னும் கூட.

ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். வாயில் வைக்கவில்லை. "கரெக்டாதான் சொல்லிக்கிற. அதுக்கு மேல முட்டி தாங்காது."

திட்டியிருக்கலாம். அம்மா அப்பளம் வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றார்.

தைலம் எடுத்துக்கொண்டு போனேன். காலை மடக்கிக்கொண்டார். "இன்னிக்கி வலி இல்லமா. நீ போய்ப் படு."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாளை சேர வேண்டும். சட்டை இஸ்திரி ஆயிற்று. ஷூ கடிக்கிறது. சாயங்காலம் நல்ல மழை.

மழையோடு தாஸ் மாமா வந்தார், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு. ஜெனி வரவில்லையா என்று அம்மா கேட்டாள்.

"காஞ்சிவரத்துல பட்டுக் கடையில பில் போடச் சேந்துட்டாமா. ஞாயித்துக்கெழம, கூட்டம் இருக்குது."

எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவில்லை.

அப்பாவும் அவரும் வாசலோரம் பாயில். நாளைக்கு வரும் லாரி, நனைந்த தார்ப்பாய், அதைப் பற்றியே பேச்சு. டீ எடுத்துக்கொண்டு போனேன். நான் தவழ்ந்த காலத்திலிருந்து 'வாடி மகி' என்பவர், பாயிலிருந்து எழுந்து நின்று இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"நீங்க எதுக்குமா எடுத்தாந்தீங்க? அம்மாகிட்ட குடுத்து அனுப்பிருக்கலாமே."

நீங்க.

அப்பா காதில் விழுந்திருக்கும். மழையைப் பார்த்தபடி டீயை ஊதிக்கொண்டிருந்தார்.