பதினாலு மணி நேரத் தோள்

மார்ச் 4

வானத்தில் பறந்து போன என் வெல்டருக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த சேதி கிடைத்தது. இரண்டு பக்கக் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் பக்கத்து சீட்டு நர்சம்மா. விமானம் கிளம்பும்போது பயந்துபோய் உங்கள் கையைப் பிடித்தாராம், அப்புறம் உங்கள் தோளிலேயே தூங்கிப்போனாராம், பாவம். அந்தப் ‘பாவம்’ நீங்கள் எழுதியதுதான். எனக்கு மிச்சம் வந்தது ‘நீ நலமா’ மட்டும். நலம்தான்.

பதினாலு மணி நேரமாமே. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தது சினிமாக் கொட்டகையில் மூன்று மணி நேரம். அதிலும் நீங்கள் தூங்கிவிட்டீர்கள், தோள் கொடுத்தது நான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பூகோள உருண்டையில் இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் ஒரு குழந்தைச் சட்டையின் கை நீளம்தான். அதற்கா இவ்வளவு நேரம்? விமானி ஊர் சுற்றிக் காட்டினாரா?

உங்கள் தையல்காரி


மார்ச் 19

பிரியமானவளுக்கு,

உருண்டையில் கை நீளம், நிஜத்தில் பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல். முன் சீட்டுத் திரையில் காட்டினார்கள். அந்த அம்மாவுக்கு அது முதல் பயணம், வேறொன்றுமில்லை. நேற்றுக்கூட கடைத்தெருவில் பார்த்தேன். “உங்க சட்டைத் தோள் மெத்துன்னு இருந்துச்சே, யார் தைச்சது?” என்று கேட்டார். என் வீட்டுக்காரி என்று பெருமையாகச் சொன்னேன்.

உன் வெல்டர்


ஏப்ரல் 2

பெருமைக்காரருக்கு,

பை வார் தோளை அறுக்குமே என்று பை மாட்டுகிற ஒரு தோளுக்கு மட்டும் உள்ளே இரண்டு மடிப்புத் துணி வைத்துத் தைத்தேன். கடைசியில் அந்த அம்மாவுக்குத் தலையணை தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

பட்டன் தைக்கிறவளிடம் சொன்னால், “அக்கா, அடுத்த தடவை அண்ணன் ரெண்டு தோளுக்கும் மெத்தை கேப்பாரு பாரு” என்கிறாள். அதையே நினைத்துக்கொண்டு ஒருவர் சட்டைக்கு இரண்டும் இடது கையாகவே தைத்துவிட்டேன். போட்டுப் பார்த்தவர், “ஏம்மா, ஒரு கை மட்டும் வீட்டுக்குத் திரும்பிப் போகுதா?” என்றார்.

சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். மெஷினை மூடியதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. நேற்று கடைத்தெருவில் பார்த்தீர்கள். நாளைக்கு எங்கே?

தையல்காரி


ஏப்ரல் 20

என்னவளுக்கு,

எங்கேயும் இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே மேனேஜர் முன்னால் போய் நின்றேன். மனைவியை அழைத்துவர அனுமதி கொடுத்துவிட்டார். அடுத்த மாதக் கடைசியில் வருகிறேன், சேர்ந்தே திரும்பலாம். நேர் விமானம் அதே பதினாலு மணி நேரம். நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாறினால் இருபத்திரண்டு. உனக்கு இடுப்பு வலி, நேர் விமானமே போடட்டுமா?

உன்னவன்


மே 6

என்னவருக்கு,

இருபத்திரண்டையே போடுங்கள். இடுப்பு என் பாடு.

எனக்குப் பயமெல்லாம் கிடையாது. ஆனாலும் விமானம் கிளம்பும்போது பயப்படுவேன், கையைத் தயாராக வைத்திருங்கள். அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு வாருங்கள்.

துவைத்துவிட்டு.

உங்கள் பக்கத்து சீட்டு