அரைப் பேர்

ஜூலை 6, ஞாயிறு
விடாத மழை. உடுப்பு எதுவும் காயவில்லை. லைப்ரரிப் புத்தகம் இன்னும் முடிக்கவில்லை.

அம்மாவின் பிரஷர் மாத்திரை போன தடவையும் கிளினிக்கில் இல்லை. வெளியே வாங்கச் சொன்னார்கள். வாங்கியதை அம்மா பல்லால் கடித்துப் பாதிதான் போடுகிறார். இன்று பார்த்துவிட்டேன். கேட்டதற்கு, "பாதின்னாலும் மருந்துதானே. உள்ள போயி சும்மாவா இருக்கும்?" என்றார்.

இந்த மாதமும் கொழும்பிலிருந்து அப்பா ஒன்றும் அனுப்பவில்லை.

ஜூலை 7, திங்கள்
பனி. கட்டுரைக்கு 'மிக நன்று'. அம்மாவிடம் காட்டவில்லை.

தேயிலை மலையில் அம்மா தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம். கொழுந்து நிறை குறைவு. கணக்கப்பிள்ளை அரைப் பேர் போட்டுவிட்டார். பாதி நாள் சம்பளம்தான்.

மாத்திரை பாதி, அதனால் மயக்கம். மயக்கத்தால் கொழுந்து குறைவு. குறைந்தால் அரைப் பேர். அரைப் பேர் என்றால் மறுபடி மாத்திரை பாதி. இதை எந்த இடத்தில் அறுப்பது?

நாளை கிளினிக். சிங்களத்தில் பேசப்போவது நான்தான். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லப்போவது அம்மாவுக்குத் தெரியாது.

ஜூலை 8, செவ்வாய்
பஸ்ஸில் நின்றபடியே டவுன் வரை. ஒரே கூட்டம், ஈரக் குடைகள்.

டொக்டர் இளம் வயது, நல்ல முகம். பிரஷர் ஏன் இறங்கவே இல்லை என்று கேட்டார். அம்மா என் காதருகே, "ஒழுங்காத்தான் போடுறேன்னு சொல்லு."

நான் அதைச் சொல்லவில்லை. அரைப் பேர்தான் விழுகிறது, அதனால் மாத்திரையும் பாதி என்று சொல்லத் தொடங்கினேன். சம்பளத்துக்குச் சிங்களச் சொல் தெரியும். சோதனையில் எழுதியிருக்கிறேன். அந்த நேரம் வரவில்லை. "அம்மாட்ட நம பாகயி" என்றுதான் வாயில் வந்தது. அம்மாவுக்குப் பெயர் பாதிதான் இருக்கிறது.

டொக்டர் கிளினிக் கொப்பியைப் பார்த்தார். 'ப. லெட்சுமி'. சிரித்துக்கொண்டே முழுப் பெயர் கேட்டார். பழனியாண்டி லெட்சுமி என்று அழகாக எழுதினார். இன்னொரு மாத்திரையும் சேர்த்து எழுதினார். அதுவும் வெளியே வாங்க வேண்டியது. மாத்திரை பாதி என்று மறுபடி ஆரம்பித்தேன். அடுத்த ஆள் உட்கார்ந்துவிட்டார்.

வரும் வழியில் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் செல்வி அக்காவிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "கணக்கப்புள்ள அரைப் பேரு போட்டா என்னா, எம்புள்ள டொக்டர்கிட்ட முழுப் பேரு வாங்கிக் குடுத்துருச்சு." செல்வி அக்காவுக்குச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன். பிறகு பீலியில் கொட்டும் தண்ணீரில் முகம் கழுவப் போய், கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 9, புதன்
மழை. சிங்கள வகுப்பில் டீச்சர் என்னை வாசிக்கச் சொன்னார். தலைவலி என்றேன்.

புது மாத்திரை வாங்கவில்லை. கிளினிக் போன நாளுக்குப் பேரே இல்லை, அரைகூட இல்லை.

அடுத்த தடவை சரியாகச் சொல்லிவிடுவேன் என்றேன். அம்மா அரிசி களைவதை நிறுத்தினார்.

"சொல்லு. வார்டுல படுக்க வைப்பாங்க. நான் படுத்துக்கிட்டா ஒன்ன யாரு படிக்க வைக்கிறது?"

அம்மா மறுபடி அரிசியைக் களைந்தார்.

"அடுத்த கெளினிக்குக்கு செல்வியக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீ ஸ்கூலுக்குப் போ."

செல்வி அக்கா கொழும்பில் வீட்டு வேலை செய்தவர். நல்ல சிங்களம். சொல்லச் சொன்னதை மட்டும் சொல்வார்.

ஜூலை 11, வெள்ளி
அதிசயமாக வெயில்.

விடிந்ததும் அம்மாவின் இடது கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது. குளிரில் மரத்துவிட்டது என்றார். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் சாக்குப் படங்குக்கு முடிச்சுப் போட அந்தக் கை வரவில்லை. மறுபடி மறுபடி முயன்றார். காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்றைக்குப் போக வேண்டாம் என்றேன். கேட்காதது போல எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

நான்தான் கட்டிவிட்டேன்.

"நல்லா இறுக்கு."

இறுக்கினேன்.