டாக்டர் வாசித்த பத்துச் சொற்கள்

அஜின்கோர்ட், ரொறன்ரோ
2 ஒக்ரோபர் 2024

என்ரை குஞ்சு சுலக்சனுக்கு,

நான் சுகம். காதுதான் மோசம். போனில் கத்தாமல் இப்படியே எழுது. உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு திரிந்ததுக்கு இப்பதான் பலன்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு மரியம்மாவோடு இருந்து ரீவியில் உன்ரை மட்ச் பார்த்தேன். பந்தைப் பின்னுக்கு எறிந்துகொண்டு முன்னுக்கு ஓடுகிற விளையாட்டு எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அந்த எருமை மாதிரி ஆளை நீ விழுத்தினது நல்லாய் விளங்கிச்சுது. "ரக்பி விளையாடிச் சம்பளம் எடுக்கிற தமிழ்ப் பெடியள் வேறை ஆர் இருக்கினம்?" என்று கோயிலில் எல்லாரையும் கேட்டுவிட்டேன்.

தலையில் அடிபட்டு உன்னை வெளியே கூட்டிப்போனார்களே, திரும்ப எப்படி விட்டார்கள்?

அம்மம்மா கமலாம்பிகை

இங்கிலாந்து
20 ஒக்ரோபர் 2024

அன்பு அம்மம்மா,

பயப்படாதேங்கோ. சீசன் தொடங்க முதல் டாக்டர் பத்துச் சொல் வாசிப்பார். ஞாபகம் வைத்துத் திருப்பிச் சொல்ல வேணும். தலையில் அடிபட்டால் வேறை பத்துச் சொல். முதல் சொன்னதைவிடக் குறைஞ்சால் விளையாட விடமாட்டினம். அதனால் முதல் தரமே வேணுமென்று நாலுதான் சொன்னன். தலை சுத்தினாலும் நாலு சொல்லலாம்தானே.

அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. புதுக் கொன்ட்ராக்ட் இன்னும் வரேல்லை.

சுலக்சன்

அஜின்கோர்ட்
9 நவம்பர் 2024

அடேய் கள்ளா,

டாக்டரையே பேய்க்காட்டிப் போட்டாய். உன் அம்மா நிலாணிக்கு மூச்சும் விடமாட்டேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எனக்கென்றால் நாலும் வராது. உன் கொன்ட்ராக்ட்டுக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறேன்.

அம்மம்மா

இங்கிலாந்து
15 ஜனவரி 2025

அன்பு அம்மம்மா,

கொன்ட்ராக்ட் வந்திட்டுது, ரெண்டு வருசம். போன கிழமையும் அடிபட்டது. நாலு சொல்லித் தப்பிட்டன். வெளிச்சம்தான் கூசுது, பகலிலும் யன்னல் சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருக்கிறன்.

அம்மப்பாவின்ரை முழங்கால் வலி எப்படி? கோடைக்கு வந்து அவரை நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போறன் என்று சொல்லுங்கோ.

சுலக்சன்

அஜின்கோர்ட்
28 ஜனவரி 2025

சுலக்சன்,

அம்மப்பா மோசம் போய் மூன்று வருசம். அவரின்ரை செத்தவீட்டில் பேரன் என்று பந்தம் பிடித்தவன் நீ. நெய் ஒழுகிக் கை சுட்டபோதும் நீ பந்தத்தை விடவில்லை.

உன் கடிதத்தை நிலாணியிடம் குடுத்தேன். நீ சோதனையில் செய்ததையும் சொன்னேன். நான்தான் உங்கடை டாக்டருக்குப் போன் அடித்துச் சொல்லச் சொன்னேன். அவள் அழுதுகொண்டு போன் எடுத்தாள்.

அம்மம்மா

அஜின்கோர்ட்
11 ஜூன் 2025

மோனை சுலக்சன்,

ஜனவரிக்குப் பிறகு நான் போடுகிற நாலாவது கடிதம் இது. ஒன்றுக்கும் மறுமொழி இல்லை. நீ இனி விளையாட ஏலாது என்று எழுதிக் குடுத்துவிட்டார்களாம். மூளையில் பட்டது பட்டதுதான், திரும்ப வராது என்று பெரிய டாக்டரும் சொன்னாராம். "என்ரை வாழ்க்கையை அம்மம்மா அழிச்சுப்போட்டா" என்று நீ கத்தினதை நிலாணி மறைத்துத்தான் பார்த்தாள். கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

கோயிலில் உன்னைப் பற்றிக் கேட்கிறார்கள். சுகமாய் இருக்கிறான் என்கிறேன்.

என்னோடை கோபத்தில்தான் எழுதாமல் இருக்கிறாயா? இல்லை, எழுதிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறாயா? எதென்று எனக்குச் சொல்ல ஆளில்லை. கோபமாகவே இரு ராசா.

அம்மம்மா