பஸ்ஸில் உனக்கு இல்லாத இடம்

இன்று உத்திரமேரூரில் செல்போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் ஈயம் உருக்கிப் பற்றவைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய்.

கம்பெனியில் செல்போன் போர்டுகளுக்கு ஈயம் பற்றவைத்த நாட்களில் நமக்கு அடுத்தடுத்த மேசை. சாலவாக்கத்துக்கு வெளியே, ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து அங்கே வேலைக்கு வந்த முதல் பெண் நீ. உங்கள் மக்களையும் சேர்த்து மேலே கொண்டுவர வேண்டும் என்று கம்பெனி அப்போது ஒரு திட்டம் வைத்திருந்தது. வாசலில் உன் படத்தைப் பெரிதாக மாட்டினார்கள். "எங்க வூட்ல கூட என் போட்டோ இல்ல. இங்க கீது பாரு" என்று சிரித்தாய்.

நீ லைன் லீடர் ஆனதும் முணுமுணுப்பு ஆரம்பித்தது. "கோட்டாவுல வந்தவகிட்ட நாங்க கைய கட்டிக்கினு நிக்கணுமா?" என்று உன் காதுபடவே ஒருவன் பேசினான். அவன் செய்த பீஸைத் திருப்பிக் கொடுத்து, "இத்த இன்னொரு தபா பண்ணு" என்றாய். அவ்வளவுதான் உன் பதில்.

பிறகு மேலிடம் மாறியது. திட்டம் நின்றது, படத்தைக் கழற்றினார்கள். மேனேஜர் உன்னைக் கூப்பிட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன்.

"இனிமே தகுதி பாத்துதாம்மா போஸ்ட்டு."

"என் லைன்ல இன்னா சார் கொறை?"

"கொறைன்னு சொல்லல. மேல முடிவு பண்ணிட்டாங்க."

கோட்டா என்று உன்னை ஏசியவனே உன் இடத்துக்கு வந்தான். உனக்குக் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை. பிள்ளைகள் படிக்கிறார்களே என்று அதையும் ஏற்றுக்கொண்டாய்.

கான்ட்ராக்ட் ஆட்களைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். உன் வீட்டுக்காரரின் பைக்கில் வர ஆரம்பித்தாய். ஒரு மழை நாளில் கல்குவாரி லாரி மோதியது. அவர் கால் ஒடிந்து பிழைத்தார். நீ அங்கேயே போய்விட்டாய்.

நாங்கள் சில பெண்கள் ஆபீஸில் போய்க் கேட்டோம். "ரோட்டுல நடந்ததுக்குக் கம்பெனி என்னம்மா பண்ணும்?" என்றார்கள். துப்புரவுப் பெண்களுக்கு இன்றும் பஸ் இல்லை. நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நாளின் காலை. பெட்ரோல் போடப் போன உன் வீட்டுக்காரருக்காக நிறுத்தத்தில் நீ காத்திருந்தாய். பஸ் வந்தது. உள்ளே பாதி சீட் காலி. "வா, டிரைவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன்.

"வேணாம்மே. அந்தாளு பொழப்பும் பூடும். நீ ஏறு, நான் பின்னாலயே வந்துகினு கீறேன்."

பஸ் நகர்ந்தபோது பார்த்தேன். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டபடி மழையில் நின்றிருந்தாய். இப்போதும் அந்த நிறுத்தத்தைத் தாண்டும்போது என் கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது.